ஸீன் போன இடத்தில்

காது இரைந்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வலது காதென்றால் நல்ல பேச்சு, இடது காதென்றால் பொல்லாப்பு. உம்மா இரண்டு காதுக்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தா. உடனே ஸலவாத்துச் சொல்வது. காது இரையும்போது நபிகளாரை (ஸல்) நினைத்து ஸலவாத்துச் சொல்லும்படி ஓர் அறிவிப்பு கிதாபுகளில் உண்டு. அது ஆதாரபூர்வமானதல்ல என்று ஹதீஸ்கலை அறிஞர் பலர் தள்ளிவிட்டனர். உம்மாவுக்கு அந்த விவகாரமெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும், ஸலவாத்துச் சொல்வதில் என்ன நட்டம் என்றுதான் கேட்டிருப்பா. அவவுடைய காலத்து இரைச்சல் இரண்டு ஸலவாத்து முடியுமுன் அடங்கிவிடும். என்னுடையது ஆறு வருடங்களாக அடங்கவில்லை.

வைத்தியர்கள் இதனை டின்னிட்டஸ் என்கின்றனர். மணி ஒலிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்த பெயர். அரபியில் தனீன். ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்னு ஸீனா தமது ‘அல் கானூன்’ நூலில் செவி நோய்களைப் பேசும் இடத்தில் இதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். 2022இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வுத் தொகுப்பின்படி, உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ 14 வீதமானோருக்கு இந்த இரைச்சல் உண்டு. அவர்களுள் ஒரு சிறு பகுதியினரே, அதாவது மொத்தத்தில் 2 வீதமளவினரே, கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர். ஜும்ஆவுக்கு நூறு பேர் வந்தால் பதினான்கு பேர் காதில் ஒரு சத்தத்தோடு அமர்ந்திருக்கின்றனர். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னால் ‘மூளைப் பிசகு’ என்பார்களோ என்ற பயம்.

நான் மருதமுனைக்காரன். கடல் இரையாத இரவு எங்கள் ஊரில் இல்லை. நான் சிறுவனாக இருந்த நாளில் பகலெல்லாம் தறிச் சத்தம். பாவோடும் நாடாவோடும் வளர்ந்த காது இது. பின்னர் முப்பத்திரண்டு வருடம் வகுப்பறை. ஆகவே இரைச்சல் எப்போது தொடங்கியதென்று என்னால் திட்டமாகச் சொல்ல முடியாது. கடல் அதனை மூடி வைத்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

மகன் அக்குறணையில் கல்யாணம் முடித்து அங்கேயே இருக்கிறான். ஒரு பாடசாலை விடுமுறையில் அவன் வீட்டில் தங்கப் போனேன். கண்டி – மாத்தளை வீதியில் வாகனங்கள் ஓய்ந்த பிறகு மலைநாட்டு இரவுக்கே உரிய அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு சில்வண்டு கத்தத் தொடங்கியது. ஜன்னலைச் சாத்தினேன், குறையவில்லை. மறுநாள் இரவு மகனை எழுப்பிக் கேட்டேன்.

“பூச்சி ஒண்டும் கத்தல்ல வாப்பா,” என்றான்.

அதே விடுமுறையில்தான் மற்றதும் தெரிய வந்தது. பேத்திக்கு அப்போது ஏழு வயது. சின்னச் சூராக்களை எனக்கு ஓதிக் காட்டுவாள். ‘சூரத்துந் நாஸ்’ ஓதினாள். ஆறு ஆயத்துகளும் ஸீனில் முடிகிற சூரா அது. குசுகுசுத்து ஊசலாட்டம் போடுகிறவனின் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடும் அந்தச் சூராவின் ஓசையிலேயே குசுகுசுப்பு இருக்கிறது. பிள்ளை வாயை அசைக்கிறாள், ‘நா’ என்ற நீட்டல் வருகிறது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆறு இடத்திலும் ஸீன் இல்லை. ‘சூரத்துல் கவ்ஸர்’ ஓதியபோது அதில் வரும் ஸேயை நான் காதால் அறியவில்லை. நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்த்ததைக் கண்ணால் கண்டே அறிந்தேன். அறுபது வருடம் என் காதில் வேறுவேறாக இருந்த எழுத்துகள், இருந்த இடமே தெரியாமல் போயிருந்தன.

எனக்கு அந்த நேரத்தில் இரைச்சல் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஸீன் போனதுதான் நெஞ்சை அடைத்தது.

ஊருக்குத் திரும்பி, காது மூக்கு தொண்டை வைத்தியரின் கிளினிக்கில் துண்டெடுத்துக் காத்திருந்தேன். முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குடுமி இறுகி அடைத்திருந்தாலும் இரைச்சல் வரலாம், அதை எடுத்துவிட்டாலே சிலருக்கு நின்றுவிடும் என்றார். என் காது சுத்தமாக இருந்தது. அடுத்து, சத்தம் புகாத ஒரு சிறிய அறை. ஹெட்போனை மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார் அங்கிருந்த பெண்பிள்ளை. 250 ஹேர்ட்ஸிலிருந்து 8,000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாகச் சோதித்து வரைபடம் கீறுவார்கள். என் கோடு 2,000 வரை ஓரளவு சமதரையாகப் போய், அதன் பிறகு மலைச்சரிவாக விழுந்திருந்தது. ஸகரம் போன்ற உரசொலிகளின் பலமெல்லாம் பெரும்பாலும் 4,000க்கு மேலேதான் இருக்கிறது. கடைசியில் அந்தப் பிள்ளை, காதுக்குள் கேட்கும் இரைச்சலுக்கு ஒத்த சுருதி எதுவென்று ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுக் கேட்டார். 6,000க்குப் பக்கத்தில் வந்து பொருந்தியது. சரிவின் அடிவாரம் அது.

வைத்தியர் இளைஞர். ஒரு காலத்து ஆசிரியன் என்று தெரிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

“சேர், இது காது போடுற சத்தமில்ல. மூளை போடுற சத்தம்.”

உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருக்கின்றன. உயர்ந்த சுருதிகளைப் பிடிப்பவை வாசலில் இருப்பவை. முதுமையும் பேரொலியும் முதலில் கெடுப்பது அவற்றைத்தான். செத்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து செய்தி வராமல் போனதும் மூளை சும்மா இருப்பதில்லை. வராத ஒலியைத் தேடித் தன் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போகிறது. தூரத்து வானொலி நிலையம் தெளிவில்லாதபோது நாம் சத்தத்தைக் கூட்டுவோமே, அப்போது நிகழ்ச்சியை விட இரைச்சல்தானே பெரிதாக வரும்? அதுதான் இது. சிற்றலையில் நிலையம் தேடிப் பழகிய எங்கள் தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆக, ஸீன் இருந்த இடம் காலியாகி, அந்த வெற்றிடத்துக்கு மூளை தானே இட்டு நிரப்பிய ஓசைதான் என் சில்வண்டு. இரண்டு நோய் அல்ல, ஒன்றுதான். இதை விளங்கிக்கொண்ட அன்று இரவு கொஞ்சம் உறங்கினேன்.

இன்னொரு செய்தியும் ஆறுதல் தந்தது. 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறையேதும் இல்லாத 80 பேரை ஓசை புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று வினவினர். அவர்களுள் 94 வீதமானோர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். பூரண நிசப்தம் என்று நாம் கவிதையில் எழுதுவது எந்தக் காதுக்கும் கிடைத்ததில்லை போலும்.

மருந்தென்று ஊரில் கிடைத்ததைச் சொன்னால் ஒரு தனிக் கட்டுரை வேண்டும். உள்ளி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், கோழி இறகு, ஓதி ஊதிய தண்ணீர், ஒரு மாதத்தில் அடியோடு நிற்கும் என்று போத்தலில் அடைத்து விற்கும் குளிசை. தண்ணீரில் ஒரு கெடுதியுமில்லை. எண்ணெய் அப்படியல்ல. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்ச் சீழ் வைக்கும். இறகும் நெருப்புக்குச்சியும் பஞ்சுக்குச்சியும் குடுமியை உள்ளே தள்ளவே உதவும். குளிசைக்காரர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஜிங்கோ இலைச்சத்து, துத்தநாகம், மெலட்டோனின் எதையும் இதற்கெனப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் சங்கம் 2014இலேயே வழிகாட்டல் வெளியிட்டது. இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இல்லாத மருந்தை உறக்கமில்லாதவனுக்கு விற்பது பாவம்.

ஆனால் எல்லா இரைச்சலையும் ‘வயசுக்கோளாறு’ என்று விட்டுவிடவும் கூடாது. ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தும் தும்’ என்று அடித்தாலோ, தலைச்சுற்றோ சீழோ கூட வந்தாலோ காட்டத்தான் வேண்டும். ஒரே நாளில் திடீரென ஒரு காது அடைத்துப் போனால் அது அவசரம். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் கேள்திறனை மீட்கும் வாய்ப்புக் கூடுதல். கூடிய அளவு அஸ்பிரின், குயினைன், ஜென்டாமைசின் போன்ற ஊசிமருந்துகளும் இரைச்சலைக் கொண்டுவரலாம். அதற்காக வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் ஆபத்து.

எனக்கு மிகவும் சோதனையாக இருந்தது தொழுகை. பகலில் தப்பிக்கொள்ளலாம். பின்னிரவில் தஹஜ்ஜத்துக்கு நிற்கும்போது அறைக்குள் நானும் சில்வண்டும்தான். ஸுஜூதுக்குக் குனிந்தால் சுருதி இன்னும் ஏறும். கழுத்தையும் தாடையையும் அசைத்தால் பலருக்கு இப்படி மாறுமென்று பின்னர் அறிந்தேன். குஷூஉ போயிற்றே என்று மனம் அடித்துக்கொண்டது. இரைச்சலைத் துரத்தத் துரத்த அது பெருத்தது. எங்கள் பள்ளி மௌலவியிடம் இதைச் சொன்னபோது அவர் மஸ்அலா எதுவும் சொல்லவில்லை. “கடல் இரையுதெண்டு தொழுகையை விட்ட ஆரும் மருதமுனையில இரிக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். வைத்தியர் சொன்னதும் வேறு மொழியில் இதுவேதான். சுவர் மணிக்கூட்டின் ‘டிக் டிக்’கை மூளை ஒதுக்குவதுபோல் இதையும் ஒதுக்கப் பழகும். ஆபத்தில்லை என்று அது நம்பும்வரை மட்டும் காவல் நாய்போல் குரைக்கும். அந்த நம்பிக்கையை உண்டாக்கும் பேச்சுவழிச் சிகிச்சைக்குத்தான் ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது.

எனவே இப்போது முழு அமைதியில் படுப்பதில்லை. ஊரில் கடல் போதும். வெளியூரில் மின்விசிறியைச் சுழலவிடுவேன், அல்லது வானொலியை இரைச்சலுக்குச் சற்றுக் கீழான சத்தத்தில் வைப்பேன். இரைச்சலை முற்றாக மூடிவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மூளை பழகும் என்றார்கள்.

செவிக்கருவி போடச் சொன்னபோது இரண்டு வருடம் இழுத்தடித்தேன். மூக்குக் கண்ணாடி போட்டவனை ஊர் ‘படித்த மனிசன்’ என்கிறது, காதில் கருவி போட்டவனைச் ‘செவிடன்’ என்கிறது. விலையும் ஓய்வூதியக்காரனுக்கு இலகுவானதல்ல. போட்ட அன்று முதலில் கேட்டது என் சாரனின் சரசரப்பு. பிறகு தென்னோலை. கருவி இழந்த ஒலியை ஓரளவு திருப்பிக் கொடுப்பதால் மூளைக்கும் தேடும் வேலை குறைகிறது. போட்டிருக்கும் நேரத்தில் சில்வண்டு பின்வாங்கியே இருக்கிறது. ஸீன் பழைய ஸீன் அல்ல, தகரத்தில் தேய்த்ததுபோல் சற்றுக் கரகரக்கும். ஆனாலும் ஸீன்தான்.

இதில் நம்மவருக்கே உரிய சில சங்கடங்கள் உண்டு. வுழூச் செய்யும்போது கழற்றிச் சட்டைப்பையில் சிறு பெட்டிக்குள் வைக்க வேண்டும், காதுக்கு மஸ்ஹு செய்த ஈரம் துடைத்துத்தான் மாட்ட வேண்டும். தக்பீர் கட்டக் கைகளைக் காதளவு உயர்த்தினால் கருவி ‘கீ’ என்று கூவும். முதல் ஸஃப்பில் பக்கத்தில் நின்றவர் ஸலாம் கொடுத்ததும், “போனை நிப்பாட்டிட்டு வரப்படாதா காக்கா?” என்றார்.

பள்ளி நிர்வாகிகளிடமும் ஒரு விண்ணப்பம். வயதானவர்களுக்குக் கேட்பதில்லை என்று ஒலிபெருக்கியை உச்சத்தில் வைக்கிறார்கள். மயிர்க்கலம் செத்த காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ சாதாரணக் காதை விட அதிகமாக வலிக்கும். எங்களுக்கு வேண்டியது சத்தமல்ல, தெளிவு. 85 டெசிபலுக்கு மேல் எட்டு மணித்தியாலம் கேட்பதே காதுக்கு ஆபத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிற்சாலைகளுக்கு வகுத்த கணக்கு. கல்யாண வீட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைக்கிறவர்களும் இந்தக் கணக்கை அறிந்திருப்பது நல்லது.

பேத்திக்கு இப்போது பதின்மூன்று வயது. பெரிய சூராக்களுக்குப் போய்விட்டாள். விடுமுறைக்கு வந்தால் ஓத உட்காருமுன் என் காதுப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். “பட்டறி இரிக்கா மூத்தவாப்பா?”