ஒற்றைப் பாதையின் காவலர்

நீர்கொழும்புக்கு 1909இலும் சிலாபத்துக்கு 1916இலும் புத்தளத்துக்கு 1926இலும் வந்து சேர்ந்த கரையோரப் புகையிரதப் பாதை, சிலாபத்துக்கு வடக்கே, தென்னந்தோப்புகளையும் இறால் பண்ணைகளையும் பாலாவியின் உப்பளங்களையும் ஊடறுத்து, ஒற்றைத் தண்டவாளமாகவே செல்லுகிறது. போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் அந்த ஒரே பாதைதான். ஆகவே அங்கே பிரயாணிகளின் உயிர் யந்திரத்தின் வலிமையைவிட மனிதரின் சிரத்தையையே அதிகம் நம்பியிருக்கிறது. அந்தச் சிரத்தையைக் கண்ணால் காணவே நான் சென்றேன்.

என்னை ஏற்றிச் சென்றது, இங்குள்ளோர் 'பவர்செட்' என்று அழைக்கும் வண்டி. எஞ்சின் தனியே முன்னால் நின்று இழுக்காமல் பெட்டியொன்றினுள்ளேயே அடங்கியிருப்பதாலும், இரு முனைகளிலும் சாரதி அறை இருப்பதாலும், புத்தளத்தில் எஞ்சினைக் கழற்றித் திருப்பும் வேலை இல்லை; சாரதி மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். ஜப்பானின் ஹிட்டாச்சித் தொழிற்சாலை இத்தகைய வண்டிகளை இலங்கைக்குப் பல தடவை செய்து கொடுத்தது. அந்த நாட்டின் புறநகர்ப் பாதைகளிலோ, 1963 முதல் 1984 வரை 3,447 பெட்டிகள் செய்யப்பட்ட '103' என்னும் மின்சார வண்டி, மேற்கம்பியிலிருந்து சக்தியைப் பெற்று ஓடியது. அங்கே தண்டவாள அகலம் 1,067 மில்லிமீற்றர், இங்கே 1,676. இலங்கையில் மின்சாரப் புகையிரதம் இன்னும் இல்லை. எமது சாரதி டீசலை நம்பியே ஓட்டுகிறார்.

வண்டி பாலாவி நிலையத்தை நெருங்கியபோது, மேடையின் ஓரத்தில் ஒருவர் பெரிய வளையமொன்றைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அதில் தொங்கிய தோற்பையில் இருந்ததே 'டெப்லட்' எனப்படும் வட்டத் தகடு. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் ஒற்றைப் பாதையொன்றில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதிய துயரத்தின் பின்னர் எட்வர்ட் டையர் என்பவர் வகுத்த முறை இது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலுள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். மணியடித்து இந்த நிலைய அதிபர் கேட்க, அந்த நிலைய அதிபர் சம்மதித்தால்தான் ஒரு தகடு வெளியே வரும். வந்த தகடு ஏதேனும் ஒரு கருவிக்குள் திரும்பப் போடப்படும் வரை இரண்டாவது தகடு எவருக்கும் கிடைக்காது. தகடு கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அப்பகுதிக்குள் நுழைய முடியாது.

"தம்பி, கோச்சி பிந்தினால் சனம் ஏசும், ஏசட்டும். டெப்லட்டிலே எழுதியிருக்கிற ஊர்ப்பேரை வாசிக்காமல் நான் கொடுக்க மாட்டேன்" என்றார், நரை கண்ட அந்த ஊழியர். ஒவ்வொரு முறையும் அவர் பெயரை வாய்விட்டு வாசித்தார். சாரதியும் பெற்றவுடன் வாசித்தார். ஜப்பானியச் சாரதிகள் சமிக்ஞையை விரலால் சுட்டி உரக்கச் சொல்வதைப் பற்றி உலகம் வியந்து பேசுகிறது. பாலாவியின் வெயிலில் நிற்கும் இம்மனிதரின் ஒழுக்கம் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதே என் துணிபு.

ஆனால் என்னை வருத்தியது கடவைக் காப்பாளரின் நிலை. படலையில்லாத பல கடவைகளில் மூங்கிலைக் குறுக்கே போட்டுப் பாதையை மறிக்கும் இவர்கள், பொலிஸ் திணைக்களத்தின் கீழ்த் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர்கள். இவர்களுக்கான நாட்கொடுப்பனவு 250 ரூபா என்ற அளவிலேயே பல ஆண்டுகள் நின்றது. வண்டியில் இருப்போரும் வீதியில் செல்வோரும் ஒருங்கே நம்பியிருக்கும் ஒருவரை, ஒரு நாட் சோற்றுக்கும் போதாத கூலியில் வைத்திருப்பது பெரும் அநீதி. புதிய வண்டிகளை வாங்கக் கடல் கடந்து செல்லும் அரசு, அதற்கு முன்னர் இவர்களை நிரந்தர ஊழியராக்கி, முறையான சம்பளமும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஒரு கூரையும் கொடுக்க வேண்டும்.