சாகாத புல்லு

மலேசியாவுல செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு சாம்பாவ் புல்லு தெரியாம இருக்காது. தரையோட தரையா படர்ந்து, அடியில வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும். பிடுங்கப் போனா நம்ம கைதான் வலிக்கும். தாவரவியல்ல எலூசின் இண்டிகா. நாம கூழ் காய்ச்சற கேழ்வரகுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். சொந்தக்காரங்க பிடிவாதத்தைப் பத்தி நான் சொல்லணுமா என்ன :-)

தோட்டத்துல வேலை பார்க்கற மச்சான் ஒருத்தன் போன மாசம் புலம்பினான். "கிளைபோசேட் அடிச்சா மத்ததெல்லாம் கருகுது மச்சான், இது மட்டும் நிக்குது. டோஸை ரெண்டு மடங்காக்கப் போறேன்"னான். வேணாம்டான்னு ராத்திரி பூரா சண்டை.

மருந்து புல்லைப் பழக்கிடுதுன்னு பலபேர் நினைக்கறாங்க. அப்படி இல்லீங்க. லட்சத்துல ஒண்ணு ரெண்டு செடிக்குப் பிறவியிலேயே வேற மாதிரி அமைப்பு இருக்கும். கிளைபோசேட் போய் உட்கார வேண்டிய நொதியில ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா மத்ததெல்லாம் செத்து, இதுக்கு இடம் காலியாகுது. ஒரு செடியே ஆயிரக்கணக்குல விதை தள்ளும். அப்புறம் கேக்கணுமா?

பேராக்குல தெலுக் இந்தான் பக்கம் ஒரு பழத்தோட்டத்துல கிளைபோசேட்டுக்குச் சாகாத சாம்பாவை 1997லயே கண்டுபிடிச்சாங்க. குளுஃபோசினேட்டுக்கு மாறினாங்க, 2009ல அதுக்கும் சாகல. பாராகுவாட்டுக்கு 1990லயே டிமிக்கி கொடுத்தாச்சு. பல மருந்தை ஒண்ணா தாங்கற கூட்டமும் நம்ம நாட்டுலயே இருக்குன்னு 2015ல ஆய்வு வந்துச்சு. கண்டுபிடிப்புல மலேசியா போலே!

புல்லு சாகலேன்னா மருந்து கூடும். அந்த மருந்தை முதுகுல சுமக்கறது யாரு? எங்கம்மா பல வருஷம் பம்பு தூக்கினவங்க. பாராகுவாட்டை கையுறை இல்லாம கலக்கிக் கலக்கி நகமெல்லாம் வெளுத்து, வெடிச்சு, கழண்டு விழும். கல்யாண வீட்டுல கையை முந்தானைக்குள்ள ஒளிச்சு வச்சுக்குவாங்க. பாராகுவாட்டுக்கு 2002ல தடைன்னாங்க, 2006ல தளர்த்தினாங்க, கடைசியா 2020 ஜனவரியிலதான் நிஜமாவே தடை. அம்மாவோட நகம் அதுக்கு முன்னாடியே போயாச்சு. இப்ப பம்பு தூக்கறது பங்களாதேஷ் பையங்க. டோஸ் ஏத்தறதுன்னா அவங்க கைக்குத்தான் ஏத்தறோம்.

சரி, வேற வழி? மரத்தைச் சுத்தின வட்டமும் அறுவடைப் பாதையும் மட்டும் சுத்தமா இருந்தா போதும். உதிரிப் பழம் பொறுக்கத்தான் அந்த வட்டமே. மத்த இடத்துல பெரணி இருந்துட்டுப் போகட்டுமே. வெட்டின மட்டையை வரிசையா அடுக்கி, பழம் எடுத்த வெத்துக் குலையைப் பரப்பினா, வெயில் படாம சாம்பாவ் தலையே தூக்காது. கன்னுத் தோட்டத்துல முக்குனா கொடி விடலாம், ஆனா அது செம்பனை மேலயே ஏறும், ஆள் வச்சு இழுத்துவிடணும். மருந்து அடிச்சே ஆகணும்னா வேற வேற வழியில வேலை செய்யற மருந்தா மாத்தணும், தப்பின செடியை விதை தள்றதுக்குள்ள கொத்தி எடுக்கணும். இதுக்குக் கூலி கூடும்னு கணக்குப்பிள்ளைங்க முனகுவாங்க. வேலைக்காகாத மருந்துக்குப் போற காசை மட்டும் எழுதவே மாட்டாங்க!

முக்கியமா ஒண்ணு. விதை பூட்ஸ் சேத்துலயும் டிராக்டர் டயர்லயும் ஒட்டிக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகும். கழுவிட்டு உள்ள விடுங்கப்பா.