மூன்றாவது ஊசி

"சேர், அம்மா மூன்று ஊசியும் போட்டாங்க, பிறகும் ஏன் கொரோனா வந்தது?"

2022இன் தொடக்கத்தில், கண்டி மகியாவையிலிருந்து வரும் மாணவனொருவன் வகுப்பில் எழுப்பிய வினா இது. அவன் தாய் மருத்துவமனையொன்றின் துப்புரவுத் தொழிலாளி.

2021 ஜனவரி 29இல் இலங்கையில் முதல் தடுப்பூசி பெற்றோருள் சுகாதார ஊழியர் இருந்தனர். அவ்வாண்டு நவம்பரில் மூன்றாவதும் அவர்களுக்கே முதலில் வந்தது. ஆயினும், திங்கள் சில கழிய எதிர்ப்பாற்றல் தளர்கிறது. ஒமிக்ரோனோ உருமாறி வந்தது. ஆதலின் ஊசி தொற்றை முற்றாகத் தடுப்பதில்லை. கடும் நோயையும் சாவையுமே பெரிதும் தடுக்கிறது. இதனை விளக்கினேன்.

"அப்போ, வீட்டிலிருந்த நாளுக்கு ஏன் சம்பளம் இல்லை?" என்றான்.

ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலி அவள். ஊசிக்கு முதல் வரிசையில் நின்றவள், ஊதியப் பட்டியலில் ஊழியராகவே எண்ணப்படவில்லை. ஊதியத்துடன் நோய் விடுமுறை அவளுக்கும் உரியதன்றோ, ஆசிரியத் தோழர்களே?