பாயிண்ட் டூ டூ தோட்டாவும் பனிக்குளிரும்

நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியற்காலைதான். வத்தல்மலை ஏறினால் இன்னும் கொஞ்சம் கூடும். குடத்துத் தண்ணீர் கல்லாக உறையும் குளிரைப் பட்டாளத்தில் சேர்ந்து காஷ்மீர் போகும்வரை நானும் பார்த்ததில்லை.

என்.சி.சி.யில் இருக்கும் என் பேத்தி போன வாரம் கேட்டாள்: "தாத்தா, ஒலிம்பிக்ல பனியில சறுக்கிட்டு வந்து சுடுறாங்களே, அதுவும் நாங்க சுடுற பாயிண்ட் டூ டூதானா? அந்தக் குளிர்ல வெடிக்குமா?"

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆமாம், அதே .22 தோட்டாதான். அந்த விளையாட்டுக்குப் பயத்லான் என்று பெயர். முன்பு அதில் பெரிய பட்டாளத்து ரைஃபிள்களைத்தான் வைத்துச் சுட்டார்கள். 1978 முதல் .22க்கு மாறினார்கள். தூரம் 50 மீட்டர். படுத்துச் சுடும்போது இலக்கின் அகலம் வெறும் 45 மில்லிமீட்டர். மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் போட்டியே நடத்த மாட்டார்கள்.

குளிரில் இந்தத் தோட்டாவுக்கு என்ன சிரமம்? பெரிய தோட்டாவின் அடியில், நடுவில் தனியாக ஒரு கேப் இருக்கும். ஊசி அதைக் குத்தும். .22ல் அப்படிக் கேப் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும், பற்றவைக்கும் மருந்து அதற்குள்தான் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். நசுங்க வேண்டும் என்பதால் பித்தளையும் மெல்லியது. குண்டு சுமார் 2.6 கிராம், உள்ளே வெடிமருந்து ஒரு சிட்டிகை. எல்லாமே கொஞ்சம் என்பதால் சின்ன மாறுதல்கூடக் குறிப்பலகையில் தெரிந்துவிடும்.

கடுங்குளிரில் மருந்து எரியும் வேகம் குறையும். குண்டின் வேகமும் குறைந்து, அடி கீழே விழும். ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு இறுகிப் போவதால் ஐந்து ரவுண்டும் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். இதற்காகவே பின்லாந்தின் லாப்புவா நிறுவனம் குளிருக்கென்று தனித் தோட்டா செய்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை தோட்டாவில் இல்லை, ரைஃபிளில் இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் பிசினாகிவிடும். ஊசி சோம்பலாக நகர்ந்து விளிம்பை மெல்லத் தட்டும். 'டக்' என்று சத்தம் வரும், வெடிக்காது. அதனால் அங்கே எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சுடுவோம். இன்னொன்று, குளிர்ந்த ரைஃபிளை புக்காரி அடுப்பு எரியும் கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்புபோல அது வியர்க்கும். மறுபடி வெளியே போனால் அந்த ஈரம் உள்ளேயே உறைந்துவிடும்.

இப்படித்தான் ஒரு குளிர்காலத்தில், முகாமின் சின்ன ரேஞ்சில், புதிதாக வந்த அரூர்ப் பையன் ஒருவன் சுட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது ரவுண்டு 'டக்'. "அண்ணா, வெடிக்கல" என்றபடியே கை போல்ட்டுக்குப் போனது. அவன் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

"குழாய் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும் தம்பி. 30 எண்ணு."

எண்ணினான். பல்லும் சேர்ந்து தந்தியடித்தது. பிறகு மெதுவாக எடுத்துப் பார்த்தோம். விளிம்பில் நகம் பட்டதுபோல லேசான வடு. போல்ட்டைத் துடைத்துப் போட்டதும் மீதி ரவுண்டுகள் ஒழுங்காகப் போயின.

எதற்கு இந்த 30? வெடிக்காத தோட்டாவும், தாமதமாக வெடிக்கப் போகும் தோட்டாவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுதான். போல்ட் மூடியிருக்கும்வரை சுற்றிலும் உள்ள இரும்பு அந்த மெல்லிய பித்தளையைத் தாங்கிக்கொள்ளும். திறந்துவிட்டால் தாங்க எதுவும் இல்லை. வேறொரு முகாமில் ஒருவர் 'டக்' கேட்ட நொடியிலேயே திறந்தார். பித்தளைத் துணுக்கு ஒன்று புருவத்தைக் கிழித்தது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்த ரத்தம் பனியில் விழுந்த நிறம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பின்னாளில் என்.சி.சி. பிள்ளைகளுக்கு நம் பக்கத்திலேயே சுடக் கற்றுக்கொடுத்தேன். 25 மீட்டர், இஷாப்பூர் ரைஃபிள். இங்கே பனி இல்லை, வெயில்தான். எண்ணெய் உறையாது. ஆனாலும் பழைய தோட்டா, தேய்ந்த ஊசி, ஈரம்பட்ட பெட்டி என்று 'டக்' சத்தம் இங்கேயும் வரும். கூச்சத்தில் பிள்ளைகள் அவசரமாகப் போல்ட்டைத் திறக்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் சுடுகிறவர் என்ன நினைப்பாரோ என்ற வெட்கம்தான் காரணம். வெட்கப்பட அதில் எதுவும் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

உங்கள் வீட்டிலும் என்.சி.சி. பிள்ளைகள் இருந்தால் இதை ஒரு தடவை சொல்லி வையுங்கள். வெடிக்காவிட்டால் குழாயைத் திருப்பாதே, போல்ட்டைத் தொடாதே, 30 எண்ணு, கையைத் தூக்கிப் பயிற்சியாளரைக் கூப்பிடு. என்னிடம் கற்றவர்களில் கோப்பை வாங்கியவர்கள் சிலர்தான். எல்லோரும் இரண்டு கண்ணோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள், எனக்கு அது போதும்.