லல்லி வீதியில் ஒரு ஸ்டூ

புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சு வீடுகளுக்கு நடுவில், லல்லி தொலாந்தால் வீதி என்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் பெயர்தானே என்று எல்லோரும் நடந்து போய்விடுகிறார்கள். லல்லியின் தகப்பனாரோ அசல் அயர்லாந்துக்காரர்! 1758-ல் லல்லி தளபதியாக இங்கே வந்து இறங்கியபோது ஓர் ஐரிஷ் படையும் கூட வந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அவரை முறியடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவர் என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் நடந்தது வேடிக்கை அல்ல. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். தானியம் தீர்ந்தது. படைக்காவது மிஞ்சட்டும் என்று நம் ஜனங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார் லல்லி. எதிர்ப்பக்கமும் வழி விடவில்லை. பல நாள் அவர்கள் நடுவெளியில் புல்லின் வேரைத் தின்று கிடந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் யானையையும் ஒட்டகத்தையும் அடித்துத் தின்றார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. 1766-ல் பாரிஸில் லல்லியின் தலையை வெட்டினார்கள்.

அயர்லாந்துக்கும் பசி தெரியும். 1845-ல் உருளைக்கிழங்கு நோய் வந்து, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அந்நாட்டின் சமையலில் ஆடம்பரம் கிடையாது. இருப்பதைச் சட்டியில் போட்டு, வயிறு நிறையும்படி வேக வைப்பதுதான்.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், ஆட்டுக்கறி 'ரகூ' செய்வதில் கெட்டிக்காரர். (ராகு அல்ல, நவக்கிரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அவர் அடுப்பிலேயே ஐரிஷ் ஸ்டூ செய்து பார்த்தோம்.

பெரிய மார்க்கெட்டில் எலும்போடு சேர்ந்த கழுத்துக் கறி அரைக் கிலோ, உருளைக்கிழங்கு முக்கால் கிலோ, பெரிய வெங்காயம் நாலு வாங்கி வந்தோம். கிழங்கில் பாதியை மெல்லிய வில்லையாக நறுக்கி அடியில் பரப்ப வேண்டும். அது கரைந்துதான் குழம்பு கெட்டிப்படும். மாவு எதுவும் வேண்டாம். மேலே வெங்காயம், கறி, உப்பு, மிளகுத் தூள். உச்சியில் மீதிக் கிழங்கைப் பெரிய துண்டுகளாக அடுக்கி, கறி மூழ்கும் வரை தண்ணீர் விட்டு மூடிவிட்டால், சிறு தீயில் இரண்டு மணி நேரம். குக்கரில் வைத்தால் மேல் கிழங்கும் கூழாகிவிடும்.

"தாளிக்க வேண்டாமா?" என்றார் அம்மாள்.

"வேண்டாம்."

"சோம்பு, பட்டை?"

"கிடையாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது!

கறி சாப்பிடாத வீட்டுக்காரர்கள் கோல்கானன் செய்யலாம். வெந்த உருளைக்கிழங்கை மசித்து, வேக வைத்த கோஸும் பாலும் வெண்ணெயும் கலந்தால் தீர்ந்தது. அக்டோபர் கடைசி நாளில் ஐரிஷ் வீடுகளில் இதற்குள் ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்களாம். யார் வாயில் அகப்படுகிறதோ, அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம்! நம் பெண்கள் மென்று விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடியைத் திறந்தோம். மணம் அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து அந்தக் குழம்பில் தோய்த்ததும், அம்மாள் பேசாமல் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டார். மூன்றாம் முறை எழுந்து போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்தார்.

நானும் தட்டை நீட்டினேன்.