குட்டியின் ஹேமக்குக்கு எந்த முடிச்சு?

அன்புள்ள தம்பிக்கு,

அக்டோபரில் ஸ்மோக்கி மலைக்குக் குட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறாய், இரண்டு பேரும் ஹேமக்கில்தான் தூங்கப்போகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். பக்கிள் வைத்த நாடா வாங்கவா, காரபைனர் வாங்கவா, வீட்டில் கிடக்கும் நைலான் கயிறே போதுமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் குழந்தை படுக்கப்போகிற விஷயம். எழுதி வைத்தால் மரத்தடியில் நின்று கட்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

எதை வாங்கினாலும் முதலில் கோணம் சரியாக இருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் மட்டமாகப் படுக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அப்படிக் கட்டினால் உடம்பைத் துணி இரண்டு பக்கமும் நெருக்கும், நாடாவுக்கும் பாரம் ஏறும். தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் நாடா மரத்துக்கு ஏறினால், ஒவ்வொரு பக்கத்திலும் விழும் இழுப்பு படுத்திருப்பவரின் எடைதான்: 70 கிலோ ஆளுக்கு 70 கிலோ. சாய்வு 10 டிகிரியானால் அது 200 கிலோ. 5 டிகிரியானால் 400. கயிற்றை அறுப்பதும் கொக்கியை விரிப்பதும் இந்த விறைப்புதான். ஆட்காட்டி விரலைத் தரைக்கு இணையாக ஹேமக் பக்கம் நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்திப் பார். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆட்காட்டி விரல் நுனிக்கு இறங்கும் சாய்வு ஏறக்குறைய 30 டிகிரி. தொய்வாகக் கட்டி, துணியில் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால் முதுகு நேராகிவிடும்.

உன் 11 அடி ஹேமக்கின் இரு முனைகளுக்கும் இடையே, தலைக்கு மேலே, நிலையான நீளத்தில் ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடு. ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது வழக்கமான அளவு. உனக்கு 9 அடியும் ஒன்றரை அங்குலமும் வரும். மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் தொய்வு தினமும் ஒரே மாதிரி அமையும். படுத்த பிறகு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் வளைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் நாடாவைத் தளர்த்து.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் அதிகமாக. இரவு இரண்டு அடி உயரத்தில் படுத்தவர்கள் விடியும்போது தரையில் கிடப்பார்கள். அதைவிட எனக்கு மரத்தைப் பற்றித்தான் கவலை. பட்டைக்கு உள்ளேதான் மரத்துக்கு உணவு போகும் உயிருள்ள அடுக்கு இருக்கிறது. மெல்லிய கயிறு பாரத்தோடு அழுத்தினால் அது நசுங்கும். பாலியெஸ்டர் நாடா, குறைந்தது ஓர் அங்குல அகலம், அதுதான் சரி.

இனி முடிச்சு. நாடாவின் ஒரு முனையில் தைத்த கண் இருக்கும். மரத்தைச் சுற்றி மறுமுனையை அதற்குள் விட்டு இழுத்தால் மரத்தில் இறுகிவிடும். ஹேமக்கின் முனையில் டைனீமாக் கயிற்றாலான வளையம் இருக்கும். நாடாவின் வாலை அந்த வளையத்துக்குள் கீழிருந்து மேலே விடு. வளையத்தின் இரண்டு கால்களுக்கும் பின்னால் ஒரு சுற்று கொண்டுவா. மறுபடி வளையத்துக்குள் விடாமல், மரத்திலிருந்து வரும் நாடாவுக்கு அடியில் செருகு. முழு வாலையும் உருவிவிடாதே, மடித்துச் செருகு. காலையில் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு, அவிழ்ந்துவிடும். பாரம் ஏற ஏற நாடா தன்னைத்தானே அமுக்கிப் பிடிக்கும். ஆங்கிலத்தில் பெக்கெட் ஹிட்ச் என்கிறார்கள். ஆனால் நீ இதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய். நம் ஊர்க் கடற்கரையில் கையால் வலை பின்னுகிறவர்கள் ஒவ்வொரு கண்ணிக்கும் போடுவது இதே உருவமுள்ள முடிச்சுதான். 1944இல் வெளிவந்த ஆஷ்லியின் முடிச்சுப் புத்தகத்தில் மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேல் பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் எண் இந்த உருவத்துக்குத்தான். அந்த மரியாதைக்கு இது தகும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பக்கிளைவிட இதை நான் விரும்ப ஒரு காரணம் உண்டு. பக்கிள் எந்தத் தடிமனுக்குச் செய்யப்பட்டதோ அந்த நாடாவை மட்டுமே ஒழுங்காகப் பிடிக்கும். வேறு நாடாவைக் கோத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும், வழுக்குவது கண்ணுக்கும் தெரியாது. முடிச்சு அப்படியில்லை. சரியாக விழுந்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். நாடாவோடு சேர்த்தே விற்கிற நல்ல பக்கிள்கள் உண்டு, அவற்றை நான் குறை சொல்லவில்லை.

டைனீமாவில் மட்டும் எந்த முடிச்சும் போடாதே. எஃகுக் கம்பிக்கு நிகரான வலு அதற்கு உண்டு, ஆனால் மெழுகு பூசியதுபோல வழுக்கும். முடிச்சு உருவிக்கொள்ளும், வலுவிலும் பாதி வரை போய்விடும். அதனால்தான் அதன் முனைகளை முடிச்சுப் போடாமல், உள்ளே கூடான பின்னலுக்குள் வாலை நுழைத்துச் சேர்க்கிறார்கள். ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், நெருப்புப் பொறி படாத தூரத்தில் கட்டு.

காரபைனர் வாங்குவதென்றால் மலையேறுகிறவர்களுக்கானது மட்டும். முதுகில் 20 கிலோ நியூட்டனுக்கு மேல் ஓர் எண் பொறித்திருக்கும். ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய 100 கிலோ பாரம். அதிலேயே குறுக்கு இழுப்புக்கும் வாய் திறந்திருக்கும் நிலைக்கும் தனி எண்கள் இருக்கும், அவை பாதியைவிடக் குறைவு. ஆகவே பாரம் நீளவாக்கில் விழுகிறதா, வாய் மூடியிருக்கிறதா என்று பார். சாவிக்கொத்துக்கு விற்கிறதும் திறந்த எஸ் கொக்கியும் வேண்டாம்.

மழைக்கு, தார்ப்பாயின் நிழலுக்குள் வரும் இடத்தில் நாடாவில் ஒரு சின்ன நூல் கட்டித் தொங்கவிடு. வழிந்து வரும் நீர் அதில் சொட்டிவிடும்.

மரத்தைத் தொடும் முன் அண்ணாந்து பார். ஸ்மோக்கி மலையில் 2002இல் ஒரு பூச்சி வந்து சேர்ந்தது, அதிலிருந்து ஹெம்லாக் மரங்கள் சாம்பல் நிறத்தில் செத்து நிற்கின்றன. வேறொரு பச்சை வண்டு ஆஷ் மரங்களைத் தின்கிறது. எவ்வளவு பருமனாக இருந்தாலும் பட்ட மரத்தில் கட்டாதே, பட்ட கிளைக்குக் கீழேயும் வேண்டாம். பச்சையாய், உன் தொடையைவிடப் பருத்து, 12 முதல் 15 அடி இடைவெளியில் நிற்பது போதும். ஒதுக்கிய முகாம் இடங்களில் மட்டுமே அங்கே ஹேமக் கட்டலாம். அங்குள்ள தங்கும் குடில்களின் உள்ளேயும் தூண்களிலும் கட்டக்கூடாது.

குட்டியுடையதை உன்னுடையதுக்கு மேலேயோ கீழேயோ அடுக்கிக் கட்டிவிடாதே. ஒன்று அறுந்தால் இருவருக்கும் அடிபடும். மூன்று மரம் கிடைத்தால் நடுமரத்தைப் பொதுவாக வைத்து இரண்டு பக்கமும் கட்டு. அவள் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிற உயரம் போதும். கீழே கல், வேர் இருக்கக்கூடாது. தொங்கும் நாடா வாலை அவள் விளையாட்டாக இழுத்துவிடுவாள், அதனால் செருகிய மடிப்புக்குள் வாலை ஒருமுறை கோத்துப் பூட்டிவிடு.

நான்கு நாடாக்களும் இரண்டு டைனீமா வளையங்களும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் கட்டிப் பழகு. செங்கல் தூணில் மட்டும் கட்டாதே. பக்கவாட்டு இழுப்பில் சாய்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அவளுக்கும் முடிச்சைக் கற்றுக்கொடு, சின்னக் கைக்கு வரக்கூடியதுதான். அவள் கட்டினாலும் நீ கட்டினாலும் முதலில் நீ உட்கார், காலைத் தரையில் ஊன்றியபடி, மெதுவாக. முடிச்சு நகரவில்லை என்று பார்த்த பிறகு அவளை ஏற்று.

அன்புடன்,
அக்கா