உப்புக் குடித்த வயர்

2025 ஓகஸ்ட் 29, வெள்ளி

பண்ணைப் பாலத்தில் வரும்போதே எஞ்சின் லைற் பத்திவிட்டது. சோளகம் இன்னும் அடங்கவில்லை. தெரு ஓரக் கல்லில் அலை உடைந்து தெறித்ததில், மண்டைதீவுச் சந்தி வருவதற்குள் கண்ணாடியெல்லாம் வெள்ளை படர்ந்துவிட்டது. ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. லைற்றும் மினுங்காமல் நிலையாக எரிந்தது. மினுங்கினால்தான் ஆபத்து. ஏதோ ஒரு சிலிண்டர் பற்றாமல், எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய்க் கொன்வேர்ட்டரைச் சுடுகிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

பின்னேரம் மருமகன் வந்து பார்த்தான்.

"மாமா, மீற்றரைக் கழட்டிப் பல்ப்பை எடுத்துவிடுவமோ? விக்கிற ஆக்கள் அப்பிடித்தானே செய்யினம்."

"வேண்டாம் தம்பி. அது சொல்லுறதை முதல்ல கேப்பம்."

திறப்பைத் திருப்பிக் காட்டினேன். எஞ்சின் ஓடாத நிலையில் அந்த லைற் கட்டாயம் எரிய வேண்டும். திறப்பைத் திருப்பியதும் பியூஸ் வழியாக பல்ப்புக்கு 12 வோல்ற் வந்து நிற்கும். மறுமுனையை எர்த்தோடு சேர்ப்பது எஞ்சின் கொம்பியூட்டர். ஸ்ராட் ஆனதும், பிழை இல்லையென்றால் கொம்பியூட்டர் கையை எடுத்துவிடும், லைற் அணையும். எரியவே இல்லையென்றால் பல்ப், பியூஸ், வயர் என்று தேட வேண்டும். பிழைக் கோட் ஒன்றும் கொம்பியூட்டரில் பதியாமல் எரிந்துகொண்டே இருந்தால் கொம்பியூட்டரின் கனெக்ரரைக் கழற்றிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் எரிந்தால் நடுவில் வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது.

ஓகஸ்ட் 30, சனி

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் ஸ்கானர் போட்டார்கள். பி0135: ஒட்சிசன் சென்சரைச் சூடாக்கும் சுற்றில் பிழை. உடனே "சென்சர் மாத்தோணும் ஐயா" என்றார்கள். அளந்து பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தது. வரியைக் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் புதுக் காரை நினைக்கவும் முடியாது. இருக்கிற பழைய கொரோலாவைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். அதில் ஊகத்துக்குப் பாட்ஸ் மாற்றக் காசு யாரிடம் இருக்கிறது?

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், இதே யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஸ்ராட் பண்ண மட்டும் துளி பெற்றோல். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன கைகள் அவை. இன்றைய காருக்குக் காது மட்டும் போதாது, மீற்றரும் வேண்டும். ஆனால் ஏன் என்று தேடிப் பார்க்கிற அந்தப் பொறுமை இன்றைக்கும் அதே அளவு வேண்டும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

காலையிலேயே பொனட்டைத் திறந்தோம். எஞ்சின் ஆறியிருந்ததால் முதலில் சென்சரைக் கழற்றாமல் அதன் கனெக்ரரில் ஓம் பார்த்தேன். 12.6. சூடாக்கி நல்லாயிருக்கிறது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சூடாக்கிக்கு வரும் வயரில் வோல்ற் பார்த்தோம், 13.8 காட்டியது. "எல்லாம் சரிதானே மாமா?" என்றான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மீற்றர் இழுக்கும் கரண்ட் இல்லையென்றே சொல்லலாம். நூலளவு செம்பு மிஞ்சியிருந்தாலும் அது முழு வோல்ற்றையும் காட்டிவிடும். சிக்னல் லைற்றின் 21 வாற் பல்ப்பொன்றை அந்த வயரில் கொழுவினேன். மங்கலாக, சிவந்துதான் எரிந்தது. அப்படியே எரியவிட்டு, பற்றரியின் பொசிற்றிவ்வுக்கும் அந்த வயருக்கும் இடையில் அளந்தால் 5 வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலைகிறது.

வயரைத் தடவிக்கொண்டு போனோம். இடப்பக்க மக்காட்டுக்குள், பியூஸ் பெட்டிக்குக் கீழே, முந்தி யாரோ முறுக்கி ரேப் சுற்றிவிட்ட ஒட்டு. ரேப்பை உரித்ததும் பச்சைக் களிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. பற்றரியைக் கழற்றிவிட்டு வயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு கரிக்கறுப்பு. விளக்குத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி, அந்த வெட்டுவாயால் உப்புத்தண்ணீர் தோலுக்குள் ஏறிப் போயிருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்கவே பிடிக்காது. பளபளவென்ற செம்பு தெரியுமட்டும் வெட்டிக்கொண்டே போக, ஒரு சாண் வயர் கழிந்தது. புது வயர் வைத்து, ஈயம் ஒற்றி, சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டினோம். திரும்பவும் பல்ப்பைக் கொழுவினால் இழப்பு 0.2 வோல்ற்.

லைற் அணைந்துவிட்டது. பற்றரியைக் கழற்றினாலே கோட் அழிந்துவிடும், ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

நேற்று சனாதிபதி வந்து எங்கள் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதான வேலையைத் தொடக்கி வைத்ததால் தெரு முழுக்க வாகனம், ஓட்டிப் பார்க்கவில்லை. இன்று காலை வேலணை, ஊர்காவற்றுறை வரை போய், பண்ணையாலும் வந்தோம். லைற் பத்தவில்லை. ஸ்கானரிலும் கோட் இல்லை. பழைய சென்சர்தான் ஓடுகிறது.

தீவுப்பகுதியில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சர் மாற்றச் சொன்னால், பல்ப் கொழுவி வயரை அளந்தீர்களா என்று முதலில் கேளுங்கள். ரேப் சுற்றிய ஒட்டை மக்காட்டுக்குள் விடவே வேண்டாம். பழைய கார் வாங்கப் போனால், ஸ்ராட் பண்ணுமுன் திறப்பைத் திருப்பி எஞ்சின் லைற்றைப் பாருங்கள். அது எரியாத காருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.